கலிங்கக் கரையில் துயர் துடைத்த வரலாறு

கலிங்கம் என்னும் சொல் தமிழர்க்குப் புதிதன்று. சங்கச் செய்யுட்களில் அஃது ஆடையைக் குறிக்கும். சோழர் காலத்திலோ ஒரு பெரும்போரை நினைவூட்டும். முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் இந்நாட்டின்மேற் படையெடுத்துச் சென்ற செய்தியைத் தமிழ்ச் சங்க மலர்களில் யாரேனும் ஒருவர் எழுதிக்கொண்டேதான் இருக்கின்றனர். அதனைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. ஆயினும், பிழைப்பு நாடி இம்மண்ணுக்கு வந்து, இருப்புப்பாதையிலும் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பணியாற்றி, இவ்வூர் நெல்லை உண்டு, இவ்வூர் மக்களோடு கலந்து வாழும் நாம், கலிங்கத்தை வென்ற கதையை மட்டும் அறிந்திருத்தல் போதாது. இம்மண் பட்ட துயரையும், அத்துயரைத் துடைக்க அது படிப்படியாகக் கற்ற ஒழுங்கையும் அறிந்திருத்தல் நம் கடமையாகும். அதனைச் சுருங்க எழுதுவதே எம் முயற்சி.

மகாநதி, பிராமணி, வைதரணி ஆகிய ஆறுகள் கடலோடு கலக்கும் தாழ்ந்த சமவெளியே ஒடிசாவின் கடற்கரை. மழை பொய்த்தால் வறட்சி. மழை மிகுந்தால் வெள்ளம். ஐப்பசி கார்த்திகையிலும் சித்திரை வைகாசியிலும் வங்கக் கடலிலிருந்து புயல். கரையோரக் கடல் ஆழமின்றிப் பரந்து கிடப்பதால் புயற்காற்றால் உந்தப்பட்ட நீர் மலைபோல் எழுந்து ஊருக்குள் புகும். இயற்கை இங்கு என்றும் இத்தகையதே. ஆனால், பேரிடர் வந்தபோது மாண்டோர் எண்ணிக்கை மட்டும் காலத்துக்குக் காலம் பெரிதும் வேறுபட்டிருக்கிறது. காரணம் யாது? கொடுப்போரிடம் இரக்கம் ஒருகாலத்தில் குறைந்தும் ஒருகாலத்தில் மிகுந்தும் இருந்தது என்பது முழு விடையாகாது. யாருக்கு, எங்கு, எப்போது, என்ன தேவை என்பதை ஒருவர் பொறுப்பேற்றுக் கணக்கிட்டனரா இல்லையா என்பதே விடை. பெறுநர் பெயர் எழுதப்படாத மூட்டை ஊர்போய்ச் சேராது என்பது சரக்குக் கூடத்தில் வேலை பார்ப்போர் நன்கறிந்த உண்மை. அவ்வுண்மையை ஒரு நாடு கற்பதற்கு நூறாண்டுக்குமேல் ஆயிற்று.

ஒன்பதாம் ஆண்டுப் பஞ்சம்

1865-ஆம் ஆண்டு பருவமழை இடையிலேயே நின்றுபோயிற்று. நெற்பயிர் கருகியது. அடுத்த ஆண்டு ஒடிசாவைச் சூழ்ந்த கொடும்பஞ்சத்தை மக்கள் 'நஅங்க துர்பிக்ஷம்' என்று இன்றும் கூறுவர். பூரி அரசரது ஆட்சிக் கணக்கில் அஃது ஒன்பதாம் ஆண்டு; ஆதலின் அப்பெயர். அந்நாளில் ஒடிசா கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டது. கட்டாக்கில் ரேவன்ஷா என்பார் ஆணையராக இருந்தார். வணிகர்களிடம் நெல் பதுங்கிக் கிடக்கிறது, விலை ஏறினால் தானே வெளிவரும் என்று தொடக்கத்தில் அதிகாரிகள் நம்பினர். 1866-இன் தொடக்கத்தில், பூரிப் பகுதிக்கு அரிசி தருவிக்கலாமா என்று கேட்டபோது, சந்தைக்கு வேண்டுமாயின் அரிசி தானாகவே வரும், அரசு தலையிடின் கேடே விளையும் என்னும் கருத்துப்படத் தந்திச் செய்தி வந்தது. பிப்ரவரியில் வங்காளத்தின் துணை ஆளுநர் சிசில் பீடன் நேரில் வந்து பார்த்துத் திரும்பினார். இத்தகைய இடரைத் தடுத்தல் எந்த அரசாலும் இயலாது என்றே அவர் கருதினார்.

மே மாத இறுதியில், கட்டாக்கில் படைவீரர்க்கும் சிறைக்கைதிகளுக்குமே அரிசி இல்லை என்பது தெரிந்த பிறகுதான் அரசு விழித்தெழுந்தது. அரிசியைக் கப்பலில் ஏற்றினர். அதற்குள் பருவமழை தொடங்கிவிட்டது. கொந்தளிக்கும் கடலில் கப்பல்கள் கரையணைய இயலவில்லை. மூட்டைகளைப் படகில் இறக்கவும் வழியில்லை. உள்நாட்டுச் சாலைகளோ சேற்றில் மூழ்கின. ஒருபுறம் காடும் ஒருபுறம் கடலும் அடைத்துக்கொள்ள, நடுக்கடலில் உணவற்ற கப்பலில் அகப்பட்ட பயணிகளைப் போல மக்கள் மடிந்தனர். ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர் என்பர். மாநிலத்தில் மூவருள் ஒருவர் இறந்தார் என்று கூறுமளவுக்கு அழிவு பெரிதாயிற்று. அப்போது இலண்டனில் இந்திய அமைச்சராக இருந்த கிரான்போர்ன் பிரபு, செய்தி கிடைத்தும் இரண்டு மாதங்கள் வாளாவிருந்தமைக்காகத் தம்மால் பழியினின்றும் விடுபட இயலவில்லை என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

ஈண்டு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, 1867-இல் அரசு அஞ்சி அஞ்சி மிகுதியாக அரிசியைத் தருவித்தது. அவ்வாண்டு விளைச்சலோ நன்றாயிருந்தது. வந்த அரிசியில் பெரும்பகுதி தேவைப்படவில்லை. முந்திய ஆண்டு உயிர் காத்திருக்க வேண்டிய அரிசி, அடுத்த ஆண்டு கிடங்கில் கிடந்தது. இரண்டாவது, கஞ்சித் தொட்டிகளில் உண்டோரைச் சாதியினின்றும் விலக்கிவைத்தனர். 'சத்ரகியா', அஃதாவது சத்திரத்தில் உண்டவர், என்னும் இழிபெயர் அவர்தம் வழியினரையும் தொடர்ந்தது. பசியால் நலிந்தவன் உயிர் பிழைத்தான். ஆனால் தன் ஊரில் வாழும் உரிமையை இழந்தான். உதவி பெறுவோரின் வழக்கமும் மானமும் அறியாது செய்யும் உதவி, ஒரு துயரை நீக்கி மற்றொரு துயரை விட்டுச் செல்லும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

சட்டமும் இருப்புப்பாதையும்

இப்பஞ்சத்தின் பழி அரசினரை விடாது வாட்டியது. 1873-74-இல் பீகாரில் வறட்சி வந்தபோது, சர் ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து பெருமளவு அரிசி தருவித்து வழங்கினார். அதனை ஏற்றிச்செல்லத் தர்பங்கா வரையில் புதிதாக ஓர் இருப்புப்பாதையே அவசரமாக அமைக்கப்பட்டது என்பதை எம் போன்ற இரயில்வேத் தொழிலாளர் பெருமையுடன் நினைத்தல் தகும். மாண்டோர் மிகச் சிலரே. ஆயினும் பொருளை வாரி இறைத்தார் என்று மேலிடம் அவரைக் கடிந்துகொண்டது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டில் பெரும்பஞ்சம் வந்தபோது அதே டெம்பிள் கைசுருக்கிச் செலவிட்டார். கல்லுடைத்தும் மண் சுமந்தும் உழைப்பவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியத்தளவும் ஓர் அணாவுமே கூலி என்று அவர் வகுத்தது 'டெம்பிள் கூலி' எனப் பழிபெற்றது. சென்னைக் கடற்கரையில் மூட்டைகள் குவிந்து கிடந்தன. உள்நாட்டு ஊர்களிலோ மக்கள் சாலையோரத்தில் விழுந்து இறந்தனர். தானியம் இருந்தது, அதனை வேண்டுமிடத்துக்கு வேண்டும் வேகத்தில் கொண்டுசேர்க்கும் ஒழுங்கு இல்லை. மாண்டோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

இவ்வாறு ஒருமுறை மிகுதியாகவும் மறுமுறை குறைவாகவும் ஆளுக்கேற்ப அளந்தமையே குறை என்று தெளிந்தது, 1880-இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணைக்குழு. அதன்பயனாக 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. விலையேற்றம், மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்தல், களவு பெருகுதல் ஆகியவற்றைப் பஞ்சத்தின் முன்னறிகுறிகளாகக் கொண்டு கீழதிகாரிகள் மேலுக்கு எழுத வேண்டும். மராமத்து வேலைகளின் பட்டியல் பஞ்சம் வருமுன்னரே ஆயத்தமாக இருக்க வேண்டும். உழைக்க இயலாதார்க்கு இலவச உணவு வேண்டும் என்பன போன்ற விதிகள் அதில் அடங்கின. 'யாரேனும் செய்வர்' என்னும் நிலைபோய், 'இன்னார் இன்னது செய்க' என்று எழுத்தில் வந்தது இதன் சிறப்பு. ஆணைக்குழு இருப்புப்பாதைகளைப் பெருக்கவும் கூறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில் கிழக்குக் கரைப் பாதை மகாநதியைக் கடந்தது. சென்னையும் கல்கத்தாவும் கட்டாக் வழியே இணைந்தன. 1866-இல் கடலும் காடும் அடைத்துவைத்த நாட்டுக்கு ஒரு வாயில் திறந்தது. நம் முன்னோரிற் பலர் இவ்வாயில் வழியாகவே ஈண்டு வந்தனர்.

விதியை மறந்த காலம்

விதி ஏட்டில் இருந்தால் போதாது என்பதை 1942 காட்டிற்று. அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள், ஒடிசாவின் எல்லையை அடுத்த மிதுனபுரிக் கரையைப் பெரும்புயல் தாக்கியது. அது போர்க்காலம். பகைவர் வந்திறங்கினால் பயன்படும் என்றஞ்சி, கரையோர மக்களின் படகுகளை அரசே முன்னர்ப் பறித்தும் அழித்துமிருந்தது. வெள்ளத்தில் தப்பவும், உணவு கொண்டுவரவும் படகில்லை. அம்மாவட்டத்தில் விடுதலைக் கிளர்ச்சி மும்முரமாக நடந்த காரணத்தால் செய்தித்தாள்களின் வாயும் அடைக்கப்பட்டது. பேரழிவு நிகழ்ந்ததென்பதை நாடு அறியவே இரண்டு வாரங்கள் ஆயின. உதவும் மனம் படைத்தோர் ஆயிரக்கணக்கில் இருந்தும் பயனென்ன? அடுத்த ஆண்டு வங்கத்தைச் சூழ்ந்த பஞ்சத்தைப் பஞ்சம் என்று அறிவிக்கவே அரசு மறுத்தது. அறிவித்தால் விதித்தொகுப்பின்படி செயல்பட வேண்டுமன்றோ? செய்தியை மறைத்தல் உயிரை மாய்த்தலுக்கு ஒப்பாகும் என்பதற்கு இதுவே சான்று.

விடுதலைக்குப் பின்னர், 1965-66-இன் வறட்சியை ஒட்டி ஒடிசாவில் சிறப்பு நிவாரண ஆணையர் என்னும் பதவி ஏற்பட்டது. நஅங்கப் பஞ்சம் நிகழ்ந்து சரியாக நூறாண்டுகள் கழித்து, துயர் துடைத்தலுக்கென்றே ஓர் அலுவலகம் அமைந்தது. எனினும், பஞ்சம் மெல்ல நடந்து வருவது. புயலோ ஓர் இரவில் வருவது. பஞ்சத்துக்கென எழுதிய விதிகள் புயலுக்குப் பொருந்தவில்லை. 1971 அக்டோபர் இறுதியில் வந்த புயலில் சுமார் 10,000 பேர் மாண்டனர்.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1999 அக்டோபர் 29-ஆம் நாள், பாராதீப்பை அடுத்துக் கரை கடந்த பெரும்புயல், மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் வேகத்தில் வீசிற்று; கரை கடந்தும் அகலாது அப்பகுதியிலேயே நின்று சுழன்றது. ஜகத்சிங்பூர் மாவட்டத்து எரசமா வட்டாரத்தில் கடல் ஊருக்குள் புகுந்து குடிசைகளை வாரிச் சென்றது. மறுபடியும் ஏறத்தாழ 10,000 உயிர்கள். புயல் வரும் என்று வானிலைத் துறை கூறாமலில்லை. ஆனால் எச்சரிக்கை கேட்ட ஏழை எங்கே ஓடுவான்? கரையோரத்தில் அந்நாளில் இருந்த புயற்காப்பகங்கள் இருபதுக்குச் சற்றே மேற்பட்டவை. அவையும் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியால் எழுந்தவை. அவற்றுள் நுழைந்தோர் பிழைத்தனர்.

அடுத்த நாட்களின் கதையும் நினைவிற்கொள்ளத்தக்கது. தொலைபேசி அறுந்தது, மின்கம்பங்கள் சாய்ந்தன, மரங்கள் வீழ்ந்து சாலைகள் அடைபட்டன, தலைநகரமே வெளியுலகோடு தொடர்பற்றது. நாடெங்கிலுமிருந்து உதவிப் பொருள்கள் புறப்பட்டன. பெருஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் மக்கள் லாரிகளை மறித்து இறக்கிக்கொண்டனர். பசித்தவனைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. ஆயின், மிகுதியாகத் துன்புற்ற உட்புற ஊர்களுக்கு உதவி காலந்தாழ்ந்தே சென்றது. எந்த ஊருக்கு எவ்வளவு சென்றது, எந்த ஊர் விடுபட்டது என்று கூறவல்ல ஒரே பதிவேடு எவரிடத்தும் இல்லை.

ஒழுங்கு பிறந்தது

அழிவு நிகழ்ந்த இரண்டு மாதங்களுக்குள், 1999 டிசம்பரில், ஒடிசா அரசு பேரிடர்ப் பணிகளுக்கெனத் தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. இந்தியாவில் ஒரு மாநிலம் அத்தகைய ஆணையம் அமைத்தது அதுவே முதன்முறை. குஜராத் 2001-இல் நிலநடுக்கத்துக்குப் பின்னரும், நாடு முழுமைக்குமான சட்டம் 2005-இலும் அதனைத் தொடர்ந்தன. 2001-இல் மீட்புப் பணிக்கெனப் பயிற்சி பெற்ற தனிப்படை உருவாயிற்று. உலக வங்கியின் கடனுதவியோடும் பிற நிதிகளோடும் கரையோரமெங்கும் காப்பகங்கள் எழுந்தன. இருபது சொச்சமாக இருந்தவை எண்ணூற்றுக்கும் மேலாயின. புயலற்ற நாட்களில் அவை பள்ளிக்கூடங்களாகவும் ஊர்க் கூடங்களாகவும் பயன்படுகின்றன. ஆதலின் பூட்டிக் கிடந்து பாழாவதில்லை. ஒவ்வொரு காப்பகத்துக்கும் ஊராரைக் கொண்ட குழு, அக்குழுவில் எச்சரிக்கை கூறுவோர், முதியோரையும் கருவுற்ற மகளிரையும் அழைத்து வருவோர், முதலுதவி செய்வோர், சமைப்போர் எனப் பணிப் பங்கீடு, ஆண்டுதோறும் ஒத்திகை. இதுவே அதன் அமைப்பு.

இதன் பயன் கண்கூடாகத் தெரிந்தது. 2013 அக்டோபர் 12-ஆம் நாள் கோபால்பூரருகே 'பைலின்' புயல் கரை கடந்தது. ஏறத்தாழ 10 லட்சம் மக்களை முன்னரே அகற்றியிருந்தனர். புயலிலும் தொடர்ந்த வெள்ளத்திலுமாக ஒடிசாவில் மாண்டோர் ஐம்பதுக்கும் குறைவு. 2019 மே 3-ஆம் நாள் பூரியருகே 'ஃபானி' தாக்கியது. சுமார் 12 லட்சம் மக்கள் ஓரிரு நாட்களில் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர். காப்பகங்களும் பள்ளிகளுமாக 9,000 இடங்களில் தங்கவைத்து, 7,000 சமையற்கூடங்களில் உணவளித்ததாக மாநில அரசு அறிவித்தது. புயலுக்கு முன்னாளே பூரியிலிருந்து யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு தனி இரயில்கள் புறப்பட்டன. பின்னர் அப்பாதையில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. மாண்டோர் 64 பேர். ஓர் உயிர் போயினும் இழப்பே. எனினும் 10,000 என்பதையும் 64 என்பதையும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்போர்க்கு ஒழுங்கின் மதிப்பு விளங்காமற் போகாது.

ஒன்று கூறுதல் வேண்டும். உயிரைக் காத்தல் கற்ற அளவுக்கு வாழ்வைக் காத்தல் இன்னும் கற்கப்படவில்லை. ஃபானியில் வீழ்ந்த கூரைகளும் தென்னைகளும் வெற்றிலைக் கொடிக்கால்களும் கணக்கில. காப்பகத்திலிருந்து திரும்பிய ஏழை, வெறுந்தரையிலிருந்து மறுபடியும் தொடங்கினான். வரலாறு இவ்விடத்தில் முடிந்துவிடவில்லை.

நாம் செய்யத்தக்கது

இனி, தமிழர்க்கு நேர்ந்ததையும் ஈண்டுக் கூறுவோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடே அழுதது, லாரி லாரியாகப் பொருள்கள் வந்தன. அவற்றுள் பழந்துணிகள் எவரும் தொடாமல் சாலையோரங்களில் மலைபோற் குவிந்தன. பிறர் உடுத்துக் கழித்த கந்தலை மானமுள்ள மீனவர் எங்ஙனம் ஏற்பர்? அவற்றை அகற்றுவதே ஒரு தனி வேலையாயிற்று. 1866-இன் சத்ரகியாக் கதைக்கும் இதற்கும் உள்ள உறவை அன்பர்கள் உணர்வர். அதே நாகையில், 2005 சனவரியில், மாவட்ட ஆட்சியினரோடு இணைந்து, தொண்டு நிறுவனங்களுக்கென ஓர் ஒருங்கிணைப்பு மையம் எழுந்தது. எந்த ஊரில் எந்த நிறுவனம் என்ன செய்கிறது என்பதை அது திரட்டி வைத்தது. ஒரே ஊரில் பலர் குவிவதையும் ஓர் ஊர் முற்றும் விடுபடுவதையும் தடுக்க அஃது ஒரு வழியாயிற்று. கலிங்கக் கரை கற்ற பாடத்தையே நாகைக் கரையும் கற்றது.

நம் சங்கத்தார் ஈகையிற் குறைந்தவரல்லர். எங்கேனும் இடர் என்றால், மறுநாளே பை பையாகப் பொருள் சேர்ந்துவிடும். யாம் வேண்டுவது, அவ்வீகைக்கு ஓர் ஒழுங்கு. இரயில்வே வழக்கையே எடுத்துக்காட்டாகக் கூறுவோம். 2018-இல் கேரள வெள்ளத்தின்போது துயர்துடைப்புப் பொருள்களை இரயில்வே கட்டணமின்றி ஏற்றிச் சென்றது. கட்டணம் இல்லையெனினும் அனுப்புநர் யார், பெறுநர் யார், உள்ளே இருப்பது யாது என்பன எழுதப்படாமல் எந்த மூட்டையும் வண்டி ஏறலாகாது. இறக்குவார் இல்லாத நிலையத்தில் ஒரு வாகன் நின்றால், அதன்பின் வரும் வாகனுக்கும் இடமில்லை. முதல் வாகனில் பழந்துணியும் அடுத்த வாகனில் மருந்தும் இருந்தால் நேர்வது யாது என்பதை யாம் விரித்துரைக்க வேண்டா. வேண்டாத உதவி வீண் உதவி மட்டுமன்று. வேண்டிய உதவியின் வழியை அடைத்துக்கொண்டு நிற்பதுமாகும்.

ஆதலின், செயற்குழுவினர் முன் நான்கு கருத்துகளைப் பணிவுடன் வைக்கின்றோம். முதலாவது, இடர் வந்தபின் குழு அமைக்காமல், புயற்காலத்துக்கு முன்னரே ஐவர் கொண்ட நிலைக்குழு ஒன்று அமைதல் வேண்டும். இரண்டாவது, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ நிவாரண ஆணையர் அலுவலகத்திலோ கேட்டறிந்த பின்னரே பொருள் சேர்த்தல் வேண்டும். அவர்கள் பணமே போதும் என்றால் பணமே அனுப்புதல் வேண்டும். மூன்றாவது, பழந்துணி வாங்குவதில்லை என உறுதிகொள்ளுதல் வேண்டும். நாம் உடுக்க நாணுவதைப் பிறர்க்குக் கொடுத்தல் ஈகையன்று. நான்காவது, பெற்றதற்கும் கொடுத்ததற்கும் ஒரு பதிவேடு வைத்து, ஆண்டு விழாவில் உறுப்பினர் முன் படித்தல் வேண்டும். ஒடியா மொழி நன்கறிந்த நம் இளைஞர்களை ஊர்க் காப்பகக் குழுக்களோடு பழகவிட்டால் அது பொருளினும் பெரிய உதவியாகும்.

அக்டோபர் 29-ஆம் நாளைப் பேரிடர் ஆயத்த நாளாக ஒடிசா கடைப்பிடித்து வருகிறது. அந்நாள் வெறும் நினைவஞ்சலி நாளன்று. காப்பகத்தின் கதவு திறக்கிறதா, ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று பார்க்கும் நாள். நம் சங்கமும் அந்நாளில் ஒருமுறை கூடித் தன் பதிவேட்டைத் திறந்து பார்ப்பதாயின், படையெடுத்துச் சென்ற தமிழரின் புகழினும் துணைநின்ற தமிழரின் பெயர் இம்மண்ணில் நெடிது நிலைக்கும். வந்தாரை வாழவைத்த இந்நாடு வாழ்க! நம் சங்கம் வளர்க!